யாருடைய உப்பு?

கிஸ்ஸா என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. அரபியிலிருந்து வந்து நம் இலக்கியத்தில் குடியேறி, ஒரு சிற்றிலக்கிய வகைக்கே பெயராகிவிட்ட சொல் அது. அதே சொல்லைப் பெயரில் தாங்கிய கடைவீதி ஒன்று பெஷாவர் நகரில் உண்டு. கிஸ்ஸா கவானி பஜார் என்பது அதன் பெயர். கதை சொல்வோர் கடைவீதி என்று பொருள். கணவாய் வழியே வந்த வணிகக் கூட்டத்தார் சுமையை இறக்கிவைத்து, தேநீர் அருந்தி, கதை கேட்டுக் களைப்பாறிய இடம் என்பர்.

அந்த வீதியில் 1930 ஏப்ரல் 23-ஆம் நாள் நடந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் கதையாகக்கூடச் சொல்வார் இன்று அரிதாகிவிட்டனர். சொல்ல நேர்ந்தாலும் பாதியைச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அன்று அங்கே மாண்ட பத்தானியரைப் பற்றிப் பேசுகிறோம். அவர்களைச் சுட மறுத்து, அதற்காகச் சிறையில் வாடிய கர்வாலிச் சிப்பாய்களைப் பற்றிப் பேசுவதில்லை. பேச எடுத்தாலோ, இரு திசையிலிருந்து மறுப்பு வருகிறது. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள் பெரியோர், அரசின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அரசின் கட்டளையை மீறியவன் எப்படிப் போற்றத்தக்கவன்?" என்பது ஒரு மறுப்பு. "யாரோ சில மலைநாட்டு இந்துச் சிப்பாய்கள் ஒருநாள் செய்ததை வைத்துப் பெரிய தத்துவம் பேசாதீர்" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு என்பது என் துணிபு. முதல் தவறு மார்க்க அறிவின் குறைபாடு. இரண்டாவது நன்றியறிவின் குறைபாடு. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

1930 ஏப்ரல் மாதம் உப்பின் மாதம். 6-ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். 13-ஆம் நாள் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டார். வடமேற்கு எல்லை மாகாணத்தில் கடல் இல்லை. பெஷாவர் காங்கிரசார் 23-ஆம் நாள் கள்ளுச் சாராயக் கடைகளின் முன் மறியல் செய்வதென முடிவு செய்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் கான் அப்துல் கப்பார் கான், குதாயி கித்மத்கார் என்னும் இறைபணியாளர் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். பழிக்குப் பழி என்பதைக் குலமரபாகக் கொண்டிருந்த பத்தானியர், எவர்மீதும் கை ஓங்குவதில்லை என்று ஆண்டவன் பெயரால் ஆணையிட்டு அதில் சேர்ந்தனர். செந்நிற உடையால் அவர்களுக்குச் செஞ்சட்டையினர் என்ற பெயர் வந்தது.

மறியலைத் தொடங்குமுன்பே அரசு தலைவர்களைப் பிடித்தது. கப்பார் கானும் அதே நாளில் கைது செய்யப்பட்டார். மக்கள் வீதியில் திரண்டனர். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன, மக்கள் நசுங்கினர். படைத்துறைத் தூதர் ஒருவர் கூட்டத்தில் கொல்லப்பட்டதும், கவச வண்டி ஒன்று எரிந்ததும் உண்மை. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் பல மணி நேரம் நடந்த சூடு, கையில் படைக்கலம் இல்லாத மக்கள்மீது நடந்த சூடு. இறந்தவர் முப்பதளவினர் என்றது அரசின் கணக்கு. விட்டல்பாய் பட்டேல் தலைமையில் அமைந்த காங்கிரஸ் விசாரணைக் குழு 125 என்றது. அக்குழுவின் அறிக்கையை அரசு தடை செய்தது. உண்மையைக் கண்டு அஞ்சாதவன் அறிக்கையைத் தடை செய்யமாட்டான் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்வோம்.

அன்று அந்நகரில் பணிக்கு நிறுத்தப்பட்ட படைகளுள் 18-ஆவது ராயல் கர்வால் ரைபிள்ஸ் படையின் இரண்டாவது பட்டாளமும் ஒன்று. கர்வால் என்பது இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள பகுதி. அதன் சிப்பாய்கள் இந்துக்கள். பெஷாவர் மக்களோ பெரும்பாலும் முஸ்லிம்கள். இந்தச் சேர்க்கை தற்செயலானதன்று. 1857-க்குப் பின் ஆங்கிலேயர் இந்தியப் படையை அமைத்த விதமே அதுதான். ஓர் இனத்தாரின் படை மற்றோர் இனத்தாரைத் தயக்கமின்றிச் சுட வேண்டும் என்னும் விருப்பத்தை, இந்திய அமைச்சராக இலண்டனில் இருந்த சார்லஸ் வுட் 1860-களின் தொடக்கத்தில் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். பஞ்சாபியை வங்காளியும், பத்தானியனைக் கர்வாலியும் அந்நியனாகக் காண வேண்டும். அப்போதுதான் உண்மையான அந்நியன் கண்ணில் படமாட்டான்.

அந்தக் கணக்கு அன்று பொய்த்தது. ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி பின்னாளில் தம் வாழ்க்கையைச் சொன்னபோது ஒன்றைக் குறிப்பிட்டார். பெஷாவரில் முஸ்லிம்கள் இந்துக்களைக் கொடுமைப்படுத்துகின்றனர், அவர்களைக் காக்கவே உங்களை அனுப்புகிறோம் என்று ஆங்கில அதிகாரி சிப்பாய்களுக்குச் சொல்லியிருந்தாராம். அது பொய் என்றும், அங்கே நடப்பது மக்களுக்கும் அந்நிய அரசுக்கும் இடையே உள்ள வழக்கு என்றும் சந்திர சிங் தம் தோழர்களுக்கு முன்பே எடுத்துரைத்திருந்தார். கூட்டத்தைச் சுடுமாறு ஆங்கிலக் காப்டன் ஆணையிட்டபோது, சுடுவதை நிறுத்துமாறு சந்திர சிங் குரல் கொடுத்தார் என்றும், துப்பாக்கிகள் தரையை நோக்கித் தாழ்ந்தன என்றும் அந்நாட்டு மக்கள் இன்றும் சொல்கின்றனர். மறுநாள் அவர்கள் நகருக்குள் செல்லவே மறுத்து, தம்மைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டனர். படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. அப்போத்தாபாத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுப் படைத்துறை நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். கர்வாலைச் சேர்ந்த வழக்கறிஞர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். 17 பேருக்குத் தண்டனை கிடைத்தது. சந்திர சிங்குக்கு ஆயுள் முழுதும் தீவாந்தரம். மற்றொருவருக்கு 15 ஆண்டுக் கடுங்காவல். ஏனையோருக்கு 3 முதல் 10 ஆண்டு வரை.

பெஷாவர் நகரை விட்டு அரசின் படைகள் வெளியேற நேர்ந்தது. மே மாதம் 4-ஆம் நாள் திரும்பி நுழையும்வரை ஏறத்தாழப் பத்து நாள் அந்நகரில் வெள்ளையர் ஆட்சி இல்லை. ஒரு சில சிப்பாய்களின் மறுப்பு ஒரு பேரரசை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உப்பைப் பற்றிய வாதம்

இவர்கள் கோழைகள் என்று எவனாவது சொன்னால் அவனுக்கு வரலாறு தெரியாது. முதல் உலகப் போரில் பிரான்சுக் களத்தில் கர்வால் படையினர் இருவர் விக்டோரியா கிராஸ் பெற்றனர். 1914-இல் தர்வான் சிங் நேகி. 1915-இல் நூவ் சப்பெல் என்னுமிடத்தில் உயிர்துறந்த கப்பர் சிங் நேகி. இவர்களுள் பின்னவர் இதே இரண்டாவது பட்டாளத்தைச் சேர்ந்தவர். சந்திர சிங்கும் அந்தப் போரில் பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் பணியாற்றியவர். கையில் துப்பாக்கி ஏந்தி எதிர்த்து நின்ற ஜெர்மானியனைக் கண்டு அஞ்சாத பட்டாளம், வெறுங்கையோடு நின்ற கடைவீதி மக்களைக் கண்டா அஞ்சிற்று? அவர்கள் அஞ்சியது ஒன்றற்கே. நிரபராதியின் இரத்தம் தம் கையில் படிவதற்கு அஞ்சினர். அந்த அச்சம் இல்லாதவனை நாம் வீரன் என்று அழைப்பதில்லை. கசாப்புக்காரன் என்றும் அழைக்க முடியாது, ஏனெனில் கசாப்புக்காரன் ஆண்டவன் பெயரைச் சொல்லி, ஆகுமான பிராணியை மட்டும் அறுக்கிறான்.

சரி, உப்பு? "அரசின் உப்பைத் தின்றார்களே" என்கிறார்கள். யாருடைய உப்பு அது? அந்த மாதத்தில் நாடெங்கும் எழுந்த கேள்வியே அதுதானே! இந்தியக் கடலில் இந்திய வெயிலில் விளைந்த உப்பின்மீது வரி போட்டு, கஞ்சிக்கு உப்பில்லாத ஏழையிடமிருந்தும் அதைப் பறித்து, அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சிப்பாய்க்குச் சம்பளமாகக் கொடுத்தது அரசு. நிலவரி தந்தவன் உழவன். உப்புவரி தந்தவன் கூலியாள். பெஷாவர்க் கடைக்காரனும் வரி தந்தவனே. உப்பிட்டவரை நினைக்க வேண்டுமென்றால், கர்வாலிச் சிப்பாய் நினைக்க வேண்டியவர் யார்? இலண்டனில் இருந்த மன்னரா, கிஸ்ஸா கவானியில் நின்ற மக்களா? பண்டசாலையின் சாவியை வைத்திருப்பவனைப் பண்டத்தின் உடையவன் என்று எண்ணுவது பெரும் மயக்கம். அந்த மயக்கத்திலிருந்து முதலில் விடுபட்டவர்கள் படிப்பறிவு மிகுந்த வழக்கறிஞர்கள் அல்லர். அந்த மலைநாட்டுச் சிப்பாய்கள்.

வாக்குறுதியைப் பற்றிய வாதம்

உப்பைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. சிப்பாய் சத்தியம் செய்து கொடுத்துப் படையில் சேர்ந்தவன். வாக்கை மீறலாமா? இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. மதரசாவில் ஹதீதுப் பாடம் நடத்துவோர் எவரும் இதை எளிதாகத் தள்ளவும் முடியாது. வாக்குறுதியை நிறைவேற்றுவதில் நம் மார்க்கம் காட்டும் கண்டிப்பு பெரிது.

ஹுதைபா (ரலி) அவர்களும் அவர்தம் தந்தையாரும் மதீனாவை நோக்கி வரும் வழியில் குறைஷியரிடம் சிக்கினர். முஸ்லிம்களோடு சேர்ந்து போரிடமாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டே குறைஷியர் அவர்களை விடுவித்தனர். அப்போதோ பத்ருப் போர் நெருங்கிவிட்டது. முஸ்லிம்களின் தொகையோ முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வோர் ஆளும் பொன்னுக்கு நிகரான நேரம். அந்த நேரத்திலும், கொடுத்த வாக்கைக் காக்குமாறு பணித்து அவ்விருவரையும் போரிலிருந்து விலக்கி வைத்தார்கள் நபி பெருமானார் (ஸல்) அவர்கள். பகைவனுக்குக் கொடுத்த வாக்கு, அதுவும் அச்சுறுத்தி வாங்கிய வாக்கு. அதற்கே இத்துணை மதிப்பு.

ஆனால் ஹதீதுக் கிதாபுகளில் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி உண்டு. பெருமானார் (ஸல்) ஒரு படையை அனுப்பி, அதற்குத் தலைவர் ஒருவரையும் அமர்த்தி, அவருக்குக் கீழ்ப்படியுமாறு வீரர்களுக்குக் கட்டளையிட்டார்கள். வழியில் அத்தலைவருக்குச் சினம் மூண்டது. விறகு சேர்க்கச் சொன்னார். தீ மூட்டச் சொன்னார். அத்தீயில் குதிக்குமாறு ஆணையிட்டார். வீரர்கள் திகைத்தனர். நரக நெருப்புக்கு அஞ்சியன்றோ நாம் நபியை நாடி வந்தோம், இப்போது நெருப்பிலேயே குதிப்பதா என்று தம்முள் பேசிக்கொண்டு நின்றனர். தீயும் அணைந்தது, தலைவரின் சினமும் தணிந்தது. செய்தி பெருமானாரிடம் எட்டியபோது, குதித்திருந்தால் என்றென்றைக்கும் அதிலிருந்து வெளியேறியிருக்கமாட்டார்கள் என்றும், கீழ்ப்படிதல் என்பது நன்மையானவற்றில் மட்டுமே என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

கவனிக்க வேண்டும். அந்தத் தலைவரை அமர்த்தியவர் இறைத்தூதர். அந்தக் கீழ்ப்படிதலை விதித்தவரும் இறைத்தூதர். அங்கேகூட ஆணைக்கு ஓர் எல்லை உண்டு என்றால், பெஷாவரில் ஓர் ஆங்கிலக் காப்டன் இட்ட ஆணைக்கு எல்லை இல்லையா? தன்னைத்தான் தீயில் இடுவதே கூடாதென்றால், பிறரைத் தீயில் இடுவது எங்ஙனம் கூடும்?

எனவே மூன்று நிலைகளை வேறுவேறாகப் பிரித்துணர வேண்டும். முதலாவது, உயிருக்கு அஞ்சிக் களத்தை விட்டு ஓடுதல், அது கோழைமை. இரண்டாவது, ஒருவனோடு உண்டு, உறங்கி, நம்பிக்கை பெற்று, மறைவாக அவன் முதுகில் குத்துதல். அரபியில் 'கத்ர்' எனப்படும் வஞ்சகம் அது. எதிரிக்கும் அதைச் செய்யலாகாது. மூன்றாவது, இந்தச் செயல் பாவம், இதை என் கையால் செய்யமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, வரும் தண்டனையை ஏற்று நிற்றல். கர்வாலியர் நின்றது இந்த மூன்றாம் நிலையில். அவர்கள் ஓடவில்லை. தங்கள் ஆங்கில அதிகாரிகளைச் சுடவில்லை. இரவோடிரவாகத் துப்பாக்கிகளைக் கடத்திக்கொண்டு பத்தானியரோடு சேரவுமில்லை. எல்லைப்புற மலைகளில் புகுந்திருந்தால் அவர்களைத் தம் விருந்தாளிகளாக ஏற்றுக் காக்கப் பத்தானியக் குடிகள் காத்திருந்திருப்பர். அந்த வழி திறந்திருந்தும், விசாரணைக் கூண்டிலே போய் நின்றார்கள். இதை வாக்குமீறல் என்று சொல்பவர், வாக்கு என்பதன் பொருளையே அறியாதவர்.

பெரியோர் காட்டிய தயக்கம்

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லாமல் செல்ல முடியாது. 1931 மார்ச் 5-ஆம் நாள் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சத்தியாக்கிரகக் கைதிகள் ஆயிரக்கணக்கில் விடுதலை பெற்றனர். ஆனால் ஆணையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரர்க்கும் காவலர்க்கும் அம்மன்னிப்பு பொருந்தாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கர்வாலியர் சிறையிலேயே இருந்தனர். ஏன் அவர்களுக்காக வாதாடவில்லை என்று ஒரு பிரெஞ்சு இதழாளர் காந்தியடிகளை வினவினார். சுட ஆணையிட்டும் சுட மறுக்கும் சிப்பாய் தன் சத்தியத்தை மீறிய குற்றவாளியே. அத்தகைய மீறலை நான் ஊக்குவிக்க முடியாது. நாளை ஆட்சிப் பொறுப்பு எங்களிடம் வந்தால் இதே படையினரைத்தான் நாங்களும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். 1932-இல் அப்பேட்டி வெளிவந்தது.

காந்தியடிகளிடம் நமக்குள்ள மதிப்பு குறையவில்லை. முஸ்லிம்களின் உயிரைக் காக்க உண்ணாநோன்பு இருந்து, அதற்காகவே உயிரையும் ஈந்தவர் அவர். எனினும் இந்தக் கருத்தில் அவரோடு நாம் உடன்பட முடியாது. அவரே முன்பு சொன்னதோடும் இது உடன்படவில்லை. 1921 ஜூலையில் கராச்சியில் கூடிய கிலாபத்து மாநாடு, ஆங்கிலப் படையில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஹராம் என்று தீர்மானம் இயற்றியது. அதற்காக மௌலானா முகம்மதலி, சௌகத் அலி, மௌலானா ஹுசைன் அகமது மதனி, டாக்டர் கிச்சலு முதலியோர் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றனர். சாரதா பீடத்துச் சங்கராச்சாரியாரும் அவர்களோடு குற்றவாளிக் கூண்டில் நின்றார் என்பதை இந்துக்களும் மறந்தனர், நாமும் மறந்தோம். அத்தீர்மானத்துக்கு ஆதரவாக அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டவர்களுள் முதல்வர் காந்தியடிகளே. அந்நிய அரசின் படையில் பணியாற்றுவது நாட்டின் மானத்துக்கு இழுக்கு என்று அன்று கூறியவர், பணியில் இருந்துகொண்டே கொலைக்கு மட்டும் மறுத்தவனை எப்படிக் குற்றவாளி என்றார்?

"முன்னரே விலகிவிட வேண்டும், ஆணை வந்தபின் மறுக்கக் கூடாது" என்பது அவர் தரப்பு வாதம். கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைவீதியில் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டவனுக்கு விலகல் கடிதம் எழுத நேரம் ஏது? ஆணைக்கும் குண்டுக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரமே உண்டு. அந்த மூச்சிலேதான் அவன் தன் ஆண்டவனுக்கு விடை சொல்ல வேண்டும். மறுநாள் நேரம் கிடைத்தபோது, தம்மை விடுவிக்குமாறு கேட்கவும் செய்தார்களே. அதற்குக் கிடைத்த பதில் சிறை.

பதினைந்து ஆண்டுக்குப் பின் காட்சி மாறியது. 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தார்மீது வழக்கு நடந்தபோது, காங்கிரசே வழக்கறிஞர்களைத் திரட்டிற்று. ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் என ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் ஒரு சீக்கியரும் கூண்டில் நின்றனர்; நாடே அவர்கள் பின் நின்றது. அவர்களோ எதிரியின் பக்கம் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர் ஆங்கில அரசுக்கு எந்தச் சத்தியமும் செய்திராதவர்கள். அவர்கள் நிலை வேறு. சத்தியம் செய்து பின் அணி மாறிய அதிகாரிகளைப் போற்றிய நாடு, அணி மாறாமல் கொலையை மட்டும் மறுத்தவர்களைப் பதினொரு ஆண்டு சிறையில் மறந்திருந்தது. 1945-இல் வெற்றி கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தது, 1931-இல் இல்லை. நியாயத்தின் தராசில் இந்த வேறுபாட்டை வைக்கலாமா?

கட்டுப்பாடு குலையாதா?

"ஒவ்வொரு சிப்பாயும் தானே தீர்ப்பளிக்கத் தொடங்கினால் எந்த நாட்டில் படை இருக்கும்?" என்று கேட்பர். படைக்குக் கட்டுப்பாடு வேண்டும்; மறுப்பாரில்லை. எங்கே அணிவகுப்பது, எப்போது முன்னேறுவது, எந்தப் பாலத்தைக் காப்பது என்பவற்றில் சிப்பாய் வாதாட முடியாது. ஆனால் கட்டுப்பாடு மட்டும் இருந்து மனச்சான்று இல்லாத படை என்ன செய்யும் என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் ஆணையிட்டார். கூர்க்கர்களும் பிற இந்தியச் சிப்பாய்களுமாக ஐம்பது பேர் கீழ்ப்படிந்தனர். 1650 குண்டுகள், அரசே ஒப்புக்கொண்ட சாவு 379. கட்டுப்பாட்டில் ஒரு குறையும் இல்லை! அந்த ஐம்பதின்மருள் ஒரு சந்திர சிங் இருந்திருந்தால் அந்தச் சுவர்களுக்குள் எத்தனை தாய்மார் பிள்ளைகளை இழக்காதிருந்திருப்பர்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க் நீதிமன்றத்தில், மேலிடத்து ஆணையை நிறைவேற்றினேன் என்பது குற்றத்திலிருந்து ஒருவனை விடுவிக்காது என்று வெற்றி பெற்ற வல்லரசுகளே விதி வகுத்தன. அவ்வல்லரசுகளுள் பிரிட்டனும் ஒன்று. 1930-இல் ஆணையை மறுத்தவனுக்குத் தீவாந்தரம் விதித்த அரசு, 1945-இல் ஆணையை மறுக்காதவனுக்குத் தூக்குக் கயிறு திரித்தது. சந்திர சிங் அப்போதுதான் தம் சிறைவாசங்களை முடித்துக்கொண்டிருந்தார். 1941-இல் விடுதலையாகி, 1942 போராட்டத்தில் மீண்டும் சிறை புகுந்தவர் அவர்.

நமக்குள் ஒரு சொல்

இறுதியாக நம் சமுதாயத்தாரிடம் சொல்ல வேண்டியது. கர்வாலியரின் செயலைச் சிறிதென ஒதுக்குவோர் நம்மிடையே உளர். இந்து என்றால் இன்னின்னபடிதான் இருப்பான் என்று வரையறுத்துக்கொண்டால், அதற்குப் பொருந்தாத வரலாறு சுமையாகத் தோன்றும். மறுபுறத்தில், முஸ்லிம் என்றால் நாட்டுப்பற்று அற்றவன் என்று வரையறுத்துக்கொண்டவர்க்கு, பெஷாவரில் இந்திய விடுதலைக்காக மார்பில் குண்டேற்ற பத்தானியர் சுமையாகத் தோன்றுகின்றனர். இருசாராருக்கும் வசதி, அந்த வீதியையே மறந்துவிடுவது. மறந்தும்விட்டனர். பெஷாவரில் அன்று மாண்டவர்க்கு நினைவுச் சின்னம் உண்டு. அந்நகர் இன்று பாகிஸ்தானில். சந்திர சிங் 1979-இல் மறைந்தார். 1994-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. உத்தராகண்ட் அரசின் சுற்றுலாத் தொழில் கடன் திட்டமொன்று அவர் பெயரைத் தாங்குகிறது. இராகுல் சாங்கிருத்தியாயன் அவர் வாழ்க்கையை இந்தியில் நூலாக எழுதினார். மாண்டவர் ஒரு நாட்டுக்கும், மறுத்தவர் மற்றொரு நாட்டுக்கும் எனப் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டனர். அவர்கள் ஒருவரையொருவர் நோக்கி நின்ற அந்த ஒரு கணம் எந்த நாட்டின் பங்கிலும் வரவில்லை.

இனம் ஒன்றானால் போதும், இரக்கம் தானே வரும் என்று எண்ணுவோர் 1948 ஆகஸ்ட் 12-ஆம் நாளை நினைத்துப் பார்க்கட்டும். பெஷாவருக்கு அண்மையில் சார்சத்தா வட்டாரத்துப் பாப்ராவில் அதே செஞ்சட்டை இயக்கத்தார் கூடினர். அவர்கள்மீது சுடப்பட்டது. ஆண்டது முஸ்லிம் அரசு, மாகாண முதலமைச்சர் அப்துல் கையூம் கானும் முஸ்லிம், மாண்டவர்களும் முஸ்லிம்கள். இந்துச் சிப்பாய் சுட மறுத்த மக்களை, பதினெட்டு ஆண்டுக்குப் பின் கலிமாச் சொன்ன ஆட்சி சுட்டது. நீதியை இனத்தில் தேடுவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்? நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறும், அது நமக்கே எதிராக இருப்பினும், ஈன்றோருக்கும் உறவினர்க்கும் எதிராக இருப்பினும் பின்வாங்காதிருக்குமாறும் திருமறை நமக்குப் பணித்திருக்கிறது. அந்தப் பணியை, அம்மறையை அறியாத மலைநாட்டவர் தம் கையால் செய்து காட்டினர். அறிந்த நாம் நாவால் ஓதிக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்கு நாம் பட்ட கடன் புகழுரையால் தீராது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும், அது முதற்படி. அடுத்த படி கடினமானது. நம்மிடத்திலும் ஆணையிடுவோர் உளர். துப்பாக்கி இல்லாத ஆணைகள். ஊர்க் கட்டுப்பாடு, கூட்டத்தின் சினம், தலைவரின் சொல் என்னும் வடிவில் வருபவை. பக்கத்துத் தெருக்காரனோடு பேசாதே, அவன் கடையில் வாங்காதே, அவன் வீட்டுக்குக் கல் விழுந்தால் கதவைச் சாத்திக்கொள் என்பன அவை. இரு சமுதாயத்திலும் இந்த ஆணைகள் பிறக்கின்றன. பிறர் தெருவில் பிறப்பதை நாம் உடனே காண்கிறோம். நம் தெருவில் பிறப்பதைக் காணக் கண் கூசுகிறது. அப்படியோர் ஆணை வரும் நாளில், கூட்டத்தின் நடுவே நின்று "இது கூடாது" என்று குரல் கொடுப்பவன் நம் வீட்டிலிருந்து வருவானா? வந்தால் அவனை நாம் துரோகி என்போமா, மகனே என்போமா?

வீட்டுக்கு வீடு விடை சொல்ல வேண்டிய வினா இது. கர்வாலியர் தம் விடையை 1930-லேயே சொல்லிவிட்டனர். அதற்குரிய விலையையும் கொடுத்துத் தீர்த்துவிட்டனர். இன்னும் கொடுக்காதிருப்பவர் நாமே.